மணலுக்குள் ஓடும் ஆறு: பாலாறு பற்றிக் கேள்வி பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஆறுகள், ஏரிகள், அவற்றைப் பாடிய பாட்டுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். பாலாறு, பொன்னையாறு, சேயாறு, இவற்றின் கால்வாய்கள், கரையோரக் கல்வெட்டுகள், இவ்வளவுதான் என் எல்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் முதலில் கேட்டவருக்கு எழுதுவதே மற்றவர்களுக்கும் பதில்.

வாணியம்பாடி, கல்லூரி மாணவி: சார், பாலாறு எங்க ஆரம்பிக்குது? மொத்தம் எவ்வளவு நீளம்? ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொரு ஊர் பேர் போட்டிருக்காங்க.

கர்நாடகத்தில் நந்தி மலை. மொத்த நீளம் 348 கி.மீ. அதில் கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 கி.மீ. தமிழ்நாட்டில். புல்லூர் அருகே நம் எல்லைக்குள் வருகிறது. கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர்ப் பக்கம் கடலில் சேருகிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார், சுரபியின் மடியிலிருந்து சொரிந்த பால் தீர்த்தமாகி ‘நந்தி மால்வரை’மேல் பிறந்து வருவதாகப் பாடுகிறார். காமதேனுவின் பால் என்பது புராணம். நந்தி மலை என்பது நில அறிவு. 12ஆம் நூற்றாண்டிலேயே ஆற்றின் தலை எங்கே என்று தொண்டை நாட்டுக்குத் தெரிந்திருந்தது.

காட்பாடி: ஐயா, வருஷத்துல பத்து நாள்கூட தண்ணி ஓடாத ஆறு இது. இதைப் போய் இலக்கியத்துல எல்லாம் பாடி வெச்சிருக்காங்கன்னா அந்தக் காலத்துல நிறைய தண்ணி ஓடியிருக்கணும். எப்ப வறண்டுச்சு?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். பாலாறு என்றைக்கும் காவிரி மாதிரி மேலே ஓடிய ஆறு அல்ல. பருவமழையில் சில நாள் கரைபுரளும். மீதி நாளெல்லாம் மணலுக்குள்ளே போகும். அதுதான் அதன் இயல்பு. சேக்கிழார் பாடியதே வறண்ட பாலாற்றை. பாட்டைப் பாருங்கள்:

பிள்ளை தைவரப் பெருகுபால் சொரிமுலைத் தாய்போல்
மள்ளர் வேனிலின் மணல்திடர் பிசைந்துகை வருட
வெள்ள நீரிரு மருங்குகால் வழிமிதந் தேறிப்
பள்ள நீள்வயற் பருமடை யுடைப்பது பாலி.

பாலி என்றால் பாலாறு. குழந்தை கை வைத்துத் தடவினதும் தாய்க்குப் பால் சுரக்கிற மாதிரி, கோடையில் உழவர்கள் மணல் திட்டைப் பிசைந்து கையால் வருட, நீர் பெருகி இரண்டு பக்கக் கால் வழியாக ஏறி, பள்ளத்து வயல்களின் பெரிய மடைகளை உடைக்கிறதாம். இதை வெறும் உவமை என்று தாண்டிப் போய்விடக் கூடாது. ‘வேனிலின்’ என்கிறார், காலம் கோடை. ‘மணல்திடர்’ என்கிறார், ஆற்றில் ஓட்டம் இல்லை, மணல் மேடுதான் இருக்கிறது. ‘பிசைந்து’ என்பது ஈர மணலை அள்ளித் தோண்டுகிற வேலை. ‘இரு மருங்கு கால்’ என்பது இரண்டு கரைக்கும் போகிற வாய்க்கால். நம் பக்கத்தில் ஊற்றுக்கால், கசக்கால் என்று சொல்லும் பாசன முறையை நாலே அடியில் வரைந்து வைத்திருக்கிறார். சேக்கிழார் குன்றத்தூர்க்காரர், தொண்டை நாட்டு ஆள். இரண்டாம் குலோத்துங்கன் காலம், 1133–1150. பார்த்த வேலையைத்தான் பாடியிருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். பார்க்காதவருக்கு ‘பிசைந்து’ என்ற சொல் வராது.

ஆகவே ‘ஆறு எப்போது வறண்டது’ என்று கேட்காதீர்கள். மணலுக்குள் இருந்த நீர் எப்போது எட்டாமல் போனது என்று கேளுங்கள். அதற்குப் பதில் உண்டு. மணல் போனது. கரையோரம் ஆழ்துளைக் கிணறுகள் நெருங்கின. மேலே தடுப்பணைகள் கூடின. இந்த மூன்றும்தான்.

காவேரிப்பாக்கம், விவசாயி: கசக்கால்னு எங்க தாத்தா சொல்லக் கேட்டிருக்கேன். அதை எப்படி வெட்டுவாங்க? மேட்டுல இருக்கிற கழனிக்கு, கீழ இருக்கிற ஆத்துத் தண்ணி மோட்டார் இல்லாம எப்படிண்ணா ஏறும்?

ஏறுவதில்லை, தம்பி. ஆறுதான் இறங்கிப் போகிறது. அதில் இருக்கிறது சூட்சுமம்.

வேலூருக்கு மேற்கே பாலாற்றுப் படுகை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 மீட்டர் சரிகிறது. மணலுக்குள் இருக்கிற நீர்மட்டமும் அதே சரிவில்தான் போகும். நாம் வெட்டுகிற காலுக்கு அதைவிடக் குறைந்த சரிவு, கிலோமீட்டருக்கு அரை மீட்டர் என்று வையுங்கள். நீர்மட்டம் மணலுக்குக் கீழே ஒன்றரை மீட்டரில் இருந்தால், தலைப்பில், அதாவது கால் தொடங்கும் இடத்தில், 2 மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். நீருக்குள் அரை மீட்டர் இறங்கினால்தான் ஊறும். அங்கிருந்து கீழ்நோக்கி, ஆற்றுக்குக் குறுக்கே போகாமல் சாய்வாகக் கரைப்பக்கம் ஒதுக்கிக் கொண்டே வெட்டுவார்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காலின் தரை, படுகையோடு ஒப்பிட்டால் ஒன்றரை மீட்டர் உயர்ந்துவிடும். ஏறத்தாழ 1.3 கி.மீ. போனதும் நீர் படுகை மட்டத்துக்கு வந்துவிடும். கரை இன்னும் 2 மீட்டர் உயரம் என்றால் மேலும் 1.3 கி.மீ. கரையை ஒட்டிக் கொண்டு போக வேண்டும். மொத்தம் இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கே நீர் தானாகக் கழனிக்குப் பாயும். ஆற்காட்டுக்குக் கீழே படுகைச் சரிவு குறைவு, அதனால் கால் இன்னும் நீளும்.

எங்கே கெடும் என்றால், முதலில் பக்க மணல். ஈர மணல் செங்குத்தாக நிற்காது. 2 மீட்டர் ஆழத்துக்கு மேல்வாய் குறைந்தது 6 மீட்டர் அகலம் விட்டுச் சாய்வாக வெட்டினால்தான் நிற்கும். அகலத்தைக் குறைத்தால் சரிந்து ஆளை மூடும். இரண்டாவது சரிவு. வேலை மிச்சமாகட்டும் என்று காலைச் சீக்கிரம் மேட்டுக்கு ஏற்றினால் சரிவே இல்லாமல் நீர் தேங்கி, மறுபடி மணலுக்குள் இறங்கிவிடும். சரிவைக் கூட்டினால் நீர் வேகமாகப் போகும், ஆனால் கரைக்கு எட்டாது. மூன்றாவது, காலின் கடைசிப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலே போகிறதல்லவா, அங்கே அடியில் களிமண் பூசாவிட்டால் ஊறி வந்ததில் பாதி வழியிலேயே போய்விடும். நான்காவது வெள்ளம். ஒரு வெள்ளம் வந்தால் முழுக் காலும் தூர்ந்துவிடும். ஆகவே இது ஆண்டுதோறும் தை, மாசியில் ஊர் கூடி, நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்பிச் செய்த வேலை. ஊர் கூடுவது நின்றபோது கசக்காலும் நின்றது.

இன்றைக்கு நீர்மட்டம் பல இடங்களில் மிகக் கீழே போய்விட்டதால் இந்தக் கணக்கு ஒத்துவராது. 10 மீட்டர் ஆழத்து நீரை இப்படிக் கொண்டுவர முடியாது. நீர்மட்டம் 2 மீட்டருக்குள் இருக்கிற இடத்தில் மட்டும் யோசியுங்கள். அங்கும் நீர்வளத்துறையின் அனுமதி இல்லாமல் படுகையில் கை வைக்கக் கூடாது.

ராணிப்பேட்டை: 2021 நவம்பர்ல அணைக்கட்டுல லட்சம் கனஅடி போச்சுன்னாங்க. ஒரு லட்சம் டிஎம்சி தண்ணி கடலுக்குப் போச்சே, அதைத் தேக்கியிருந்தா மாவட்டமே செழிச்சிருக்குமே?

அளவை மாற்றிப் போடாதீர்கள். இதை எழுதி எழுதிக் கை ஓய்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். கனஅடி என்று செய்தியில் சொல்வது ஓட்டத்தின் வேகம்: ஒரு நொடிக்கு எத்தனை கனஅடி. டிஎம்சி என்பது கொள்ளளவு: 100 கோடி கனஅடி. நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் 1 டிஎம்சி. நொடிக்கு ஒரு லட்சம் கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினாலும் 8.64 டிஎம்சிதான். அந்த உச்சம் நாள் முழுக்க நிற்காது. சில மணி நேரத்தில் வடியத் தொடங்கிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் யார் எந்தத் திட்டத்தைப் பேசினாலும் நம்ப வேண்டாம்.

திருப்பத்தூர்: தென்பெண்ணை – பாலாறு இணைப்பு எப்ப வரும்?

நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வெட்டி, தென்பெண்ணையின் உபரிநீரைப் பாலாற்றின் கிளையான கல்லாற்றில் விடுவது திட்டம். எப்போது என்பது அரசு சொல்ல வேண்டியது.

ஆம்பூர், இல்லத்தரசி: எங்க தெரு போர் தண்ணியில டிடிஎஸ் மீட்டர் 1,800 காட்டுது. பக்கத்து வீட்டுல 900. ‘ரெண்டாயிரத்துக்குள்ள இருந்தா குடிக்கலாம்’னு ஃபில்டர் விக்கிறவர் சொல்றார். சரியா சார்?

அவர் சொன்னது பாதிதான் அம்மா. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 2,000 வரை விடலாம் என்பது அதே விதியின் அடுத்த பகுதி. ஆனால் உங்கள் ஊரில் முக்கியமான விஷயம் வேறு. டிடிஎஸ் மீட்டர் நீரில் கரைந்த உப்பின் மொத்தத்தைத்தான் காட்டும். குரோமியத்தைக் காட்டாது. குரோமியத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அது பல மடங்கு ஏறினாலும் மீட்டரில் எண் அசையாது. தோல் பதனிடும்போது, உப்புப் போட்டு வந்த தோலை முதலில் ஊறவைத்துக் கழுவும் நீரில்தான் உப்பு அதிகம். குரோமியம் அதற்கப்புறம் பதனிடும் தொட்டியிலிருந்து வருவது. இரண்டும் வேறு வேறு நீர். அதனால் 900 காட்டும் கிணறு நல்லது, 1,800 காட்டுவது கெட்டது என்று முடிவு கட்ட முடியாது.

ஆய்வகத்துக்கு இரண்டு புட்டியாகக் கொடுங்கள். உலோகச் சோதனைக்கான புட்டியை அவர்களிடமே வாங்குங்கள், அதில் அமிலம் விட்டுத் தருவார்கள். அதைக் கழுவக் கூடாது, வழியவும் விடக் கூடாது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். மேல்நிலைத் தொட்டி நீர் வேண்டாம். ‘மொத்தக் குரோமியம்’ என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அறிக்கை வரும் வரை இந்த நீரைச் சமையலுக்கும் எடுக்காதீர்கள். கொதிக்க வைத்தால் உலோகம் போகாது, நீர் சுண்டுவதால் அடர்த்திதான் கூடும்.

1996இல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கையை நாட்டின் சட்டம் ஆக்கிய தீர்ப்பு, நம் வேலூர் மாவட்டத்துத் தோல் கழிவு வழக்கில் வந்ததுதான். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

ஆரணி, பள்ளி ஆசிரியை: மாணவர்களை வைத்து ஆற்றில் ஓடும் நீரை அளக்க எளிய வழி உண்டா? கமண்டல நாகநதியில் இப்போது கொஞ்சம் நீர் போகிறது.

உண்டு. முதலில் ஓர் எச்சரிக்கை: மணல் அள்ளின ஆற்றில் முழங்கால் நீர் என்று இறங்கினால் அடுத்த அடி ஆளை முழுங்கும் குழியாக இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. ஆகவே ஆற்றுப் படுகையில் வேண்டாம். கால்வாயிலோ, பாலத்தடியில் சிமென்ட் தளம் போட்ட இடத்திலோ மட்டும் செய்யுங்கள். நீர் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். மழை நாளில் போகக் கூடாது.

நேராக ஓடும் 20 மீட்டரை அளந்து இரண்டு பக்கமும் கயிறு கட்டுங்கள். முதல் கயிற்றுக்கு இரண்டு மீட்டர் மேலேயே ஓர் ஆரஞ்சுப் பழத்தை விடுங்கள். ஆரஞ்சு பெரும்பகுதி முழுகி மிதக்கும், காற்று அதை அவ்வளவாக இழுக்காது. தக்கையும் காகிதக் கப்பலும் காற்றுக்கு ஓடும், கணக்கு பொய்த்துவிடும். கயிறு தாண்டி மறு கயிறு தொடும் நொடிகளை ஐந்து முறை எடுத்துச் சராசரி போடுங்கள். அகலத்தை ஐந்து பங்காக்கி ஒவ்வொன்றிலும் குச்சியால் ஆழம் பாருங்கள். அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் 0.3 என்றால் பரப்பு 1.8 சதுர மீட்டர். 20 மீட்டரை 25 நொடியில் கடந்தால் மேல்மட்ட வேகம் 0.8. அடியில் உராய்வால் வேகம் குறையும், ஆகவே 0.85ஆல் பெருக்க வேண்டும்: 0.68. பரப்போடு பெருக்கினால் நொடிக்கு 1.22 கனமீட்டர், அதாவது சுமார் 43 கனஅடி. ராணிப்பேட்டைக்காரருக்குச் சொன்ன ஒரு லட்சம் எவ்வளவு பெரிது என்று பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள்.

வேலூர்: கோட்டை அகழிக்குப் பாலாற்று நீர்தானே?

இல்லை. சூரியகுண்டம் என்ற நீர்த்தேக்கத்திலிருந்து தரைக்கடி வழியாக வந்தது.

காஞ்சிபுரம் சாலை, தமிழ் ஆர்வலர்: பாலாறு முன்பு காஞ்சிக்கு வடக்கே ஓடியது என்பதற்குக் கலிங்கத்துப்பரணியே சான்று. காஞ்சியிலிருந்து வடக்கே கலிங்கத்துக்குப் போன கருணாகரத் தொண்டைமானின் படை முதலில் பாலாற்றைக் கடக்கிறது, பிறகு குசைத்தலை (இன்றைய கொசஸ்தலை), பொன்முகரி. இன்றைய பாலாறு காஞ்சிக்குத் தெற்கே. தெற்கே இருக்கும் ஆற்றை வடக்கே போகிறவன் ஏன் கடக்கிறான்? ஆகவே 1110 வாக்கில் பாலாறு வடக்கேதான் ஓடியது. கொசஸ்தலையாற்றுக்கு ‘விருத்த க்ஷீர நதி’, அதாவது பழைய பாலாறு என்ற பெயரும் இருக்கிறது. இதை ஏன் யாரும் பாடப்புத்தகத்தில் வைப்பதில்லை?

நல்ல கேள்வி, நிதானமாகப் பார்ப்போம். பாலாற்றின் ஒரு பழைய கை, அதாவது கிளை, காவேரிப்பாக்கத்துக்கு வடகிழக்கே போனது என்பதை ஏற்கிறேன். பெயர் மட்டும் காரணம் அல்ல. இன்றைக்கும் காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்து கோடி போனால், அதாவது வழிந்தால், அந்த நீர் கொசஸ்தலை வழியாகத்தான் போகிறது, கேசவரம் அணைக்கட்டில் ஒரு பங்கு கூவத்துக்கும் பிரிகிறது. நிலத்தின் சரிவு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஆனால் 1110இல் ஆறு அங்கே ஓடியது என்பதை ஏற்க முடியாது. இரண்டு காரணம். ஒன்று, பாட்டிலேயே பாலாறும் குசைத்தலையும் தனித்தனியாக வருகின்றன. கொசஸ்தலைதான் பாலாறு என்றால் ஒரே ஆற்றை இரண்டு தடவை கடந்தார்களா? இரண்டு, திருமுக்கூடல். பாலாறு, சேயாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம், காஞ்சிக்குத் தென்கிழக்கே. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட மருத்துவசாலைக்கு நெல்லும் ஆட்களும் மருந்தும் ஒதுக்கிய புகழ்பெற்ற கல்வெட்டு. அது 1060களைச் சேர்ந்தது, கலிங்கப் போருக்கு நாற்பது ஆண்டு முன்பு. பாலாறு அங்கே வராவிட்டால் அந்த இடம் முக்கூடல் ஆவது எப்படி?

அவரே மீண்டும்: முக்கூடல் என்ற பெயர் இருந்தால் போதுமா? சேயாறும் வேகவதியும் வேறொரு ஓடையும் சேர்ந்தால்கூட முக்கூடல்தான். பரணி பாடிய செயங்கொண்டார் அரசவைப் புலவர். படை போன வழி அவருக்குத் தெரியாதா?

தெரியும். ஆனால் பரணி பயணக் குறிப்பு அல்ல. படை நடக்கும் வேகம் சந்தத்தில் கேட்க வேண்டும் என்று ஆற்றின் பெயர்களை அடுக்குகிறார். தொண்டை நாட்டின் முதல் ஆறு பாலாறு, அதைச் சொல்லாமல் அவரால் தொடங்கியிருக்க முடியாது. ஆணை கிடைத்தது காஞ்சியில். படை முழுதும் காஞ்சிக்குள்ளேயே நின்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சோழ மண்டலத்திலிருந்து வந்த படை பாலாற்றைக் கடந்துதான் காஞ்சிக்கே வர முடியும்.

பள்ளிகொண்டா: நடுவுல வரேன், மன்னிக்கணும். எங்க ஊர் ரங்கநாதர் கதையைச் சேர்த்துப் பாருங்க. பிரம்மா காஞ்சியில யாகம் பண்றப்ப சரஸ்வதி கோவிச்சுக்கிட்டு வேகவதியா பெருகி அழிக்க வரா. பெருமாள் குறுக்கே படுத்துத் தடுக்கறார். முதல்ல பள்ளிகொண்டா, அடுத்து திருப்பாற்கடல், கடைசியா காஞ்சி திருவெஃகா. மூணையும் கோடு போட்டா பாலாத்துலேருந்து வடகரைக்கு ஏறி வேகவதிக்குப் போகுது.

இது நல்ல கவனிப்பு. மூன்று கோயிலையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், பாலாற்று வெள்ளம் வாலாஜாவுக்குக் கீழே வடகரையை உடைத்துக் காஞ்சிப் பக்கம் போகக்கூடிய பாதை அதுதான். வெள்ளத்தின் நினைவு கதையாகத் தங்கியிருக்கலாம். ஆனால் கதைக்கு ஆண்டு கிடையாது. ‘போகக்கூடிய பாதை’ என்பதற்கு மேல் அதை வைத்து நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். பரணி வாதத்துக்கு இது துணையும் ஆகாது. பரணியில் படை கடப்பது பாலாறு என்ற பெயருள்ள ஆற்றை, வேகவதியை அல்ல.

அரக்கோணம்: காஞ்சிக்கும் கொசஸ்தலைக்கும் நடுவுல இருக்கிறது கூவம்தானே சார். பழைய கையில ஒண்ணு கூவமாவும் போயிருந்தா, அதை அன்னிக்குப் பாலாறுன்னே கூப்பிட்டிருக்கலாமில்லையா?

இருக்கலாம். இதுவரை வந்ததில் வலுவான ஊகம் இது. திருமுக்கூடலும் பொய்க்காது, பரணியும் பொய்க்காது, வரிசையும் சரியாக வரும். ஆனால் நிரூபிக்க ஒரு கல்வெட்டு வேண்டும்: கூவத்தின் கரையில் உள்ள நிலத்துக்கு எல்லை சொல்லும்போது ‘பாலாற்றுக்கு வடக்கு’ என்றோ ‘தெற்கு’ என்றோ பொறித்த சோழர் கல்வெட்டு. நிலதானக் கல்வெட்டுகளில் நாற்பாலெல்லை, அதாவது நான்கு பக்க எல்லை, பெரும்பாலும் இருக்கும். அரக்கோணம், கேசவரம், பேரம்பாக்கம் பக்கத்துக் கோயில்களின் அச்சான கல்வெட்டுப் பாடங்களில் எல்லை வரிகளை மட்டும் தேடிப் பாருங்கள். சுவரில் தேடப் போகிறவர்கள் எண்ணெய், சுண்ணாம்பு, சாக்கட்டி எதையும் எழுத்தின்மேல் பூசாதீர்கள். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தாலே எழுத்து தெரியும்.

ஜோலார்பேட்டை: நதிநீர் இணைப்பு, தென்பெண்ணை–பாலாறு எந்த நிலையில் இருக்கு?

மேலே சொல்லியாயிற்று.

செங்கம்: பரணியையே பேசறீங்க. எங்க சேயாறு சங்க இலக்கியத்துலயே இருக்கே?

இருக்கிறது, பெருமையோடு சொல்லலாம். பத்துப்பாட்டில் மலைபடுகடாம், 583 அடி. செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தர்களுக்கு வழி சொல்லி வரும்போது நன்னன் நாட்டு ஆறாகச் சேயாறு வருகிறது. ஜவ்வாது மலைப் பக்கம் நடந்தவர்களுக்கு அந்தப் பாட்டின் வழி எச்சரிக்கைகள் நன்றாகப் புரியும்: வழுக்குப் பாறை, முட்புதர், பன்றிக்கு வைத்த பொறி. பாலாற்றுக்குச் சேக்கிழார் போல, சேயாற்றுக்கு இந்தப் புலவர்.

திருவலம்: ‘நீ வா’ன்னு சாமி கூப்பிட்டதால நீவா நதின்னு பேர் வந்ததா சொல்றாங்களே, உண்மையா?

கோயில் வழக்கு அது. கேட்க அழகாக இருக்கிறது. பொன்னையாற்றின் பெயர் நீவா. பெயர் முதலில் இருந்தது, அதைப் பிரித்துக் கதை பிறகு வந்தது என்பதுதான் இயல்பு.

குடியாத்தம்: ஆந்திராக்காரங்க தடுப்பணை கட்டறாங்க. 1892 ஒப்பந்தப்படி கட்டவே கூடாதுன்னு சொல்றாங்களே?

1892 ஒப்பந்தம் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் இடையே ஆனது. அதில் பட்டியலிட்ட ஆறுகளில் பாலாறு உண்டு. சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசனத் தேக்கம் கட்டக் கூடாது. ஆந்திரம் என்று ஒரு மாநிலம் அன்று இல்லை. சித்தூர் மாவட்டமே 1911இல்தான் உருவானது, பெரும்பகுதி நம் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. ஆந்திரத்தின் குப்பம் அணைத் திட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2006இல் உச்ச நீதிமன்றம் போனது. மேற்கொண்டு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

வாலாஜா: நம்ம ஆத்துல மேட்டூர் மாதிரி ஓர் அணை ஏன் கட்டல? அணைக்கட்டு இருக்கே, அதுல ஏன் தண்ணி நிக்கல?

அணை வேறு, அணைக்கட்டு வேறு. வாலாஜா அணைக்கட்டு தேக்குவதற்காகக் கட்டியது அல்ல. ஓடுகிற நீரைக் கொஞ்சம் உயர்த்தி இரண்டு பக்கக் கால்வாய்களில் திருப்புவதற்கு. மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி என்று நான்கு கால்வாய்கள் பிரிகின்றன. நம்முடைய அணை அந்த ஏரிகள்தான். மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலில், மகேந்திர தடாகத்தின் கரையில் அமைத்தது என்று அவனே பொறித்திருக்கிறான். 7ஆம் நூற்றாண்டு ஏரி அது. படுகை அகலம், பாறை ஆழத்தில், வெள்ளம் சில நாள்தான். இப்படிப்பட்ட ஆற்றுக்கு நூற்றுக்கணக்கான ஏரிகளில் பிரித்து வைப்பதுதான் சரியான பொறியியல். கால்வாயும் மதகும் தூர்ந்து கிடந்தால் வெள்ளம் கடலுக்குத்தான் போகும். 2021இலும் பல ஏரிகளுக்கு நீர் ஏறாததற்குக் காரணத்தைக் கால்வாயில் தேடுங்கள், ஆற்றில் அல்ல.

மேல்விஷாரம்: மணல் எடுத்தா பள்ளம் விழுந்து தண்ணி அதிகமாத்தானே நிக்கும்?

நிற்காது. கணக்குப் போடுவோம். அரை கிலோமீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு மீட்டர் கனம் மணல்: 5 லட்சம் கனமீட்டர். ஆற்று மணலில் ஐந்தில் ஒரு பங்கு எடுக்கக்கூடிய நீர் இருக்கும் என்று குறைவாகவே வைத்தாலும் ஒரு லட்சம் கனமீட்டர், 10 கோடி லிட்டர். ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்றால் 20,000 பேருக்கு 37 நாள் குடிநீர். இந்த நீர் வெயிலில் ஆவியாகாது. பள்ளத்தில் நிற்கும் நீரோ கோடையில் ஆவியாகிவிடும். அடியில் வண்டல் படிந்தால் கீழேயும் இறங்காது. அதோடு ஒரு இடத்தில் பள்ளம் விழுந்தால் இரண்டு கரையின் நீர்மட்டமும் அந்தப் பள்ளத்துக்கு இறங்கும். கரையோரக் கிணறுகள் வற்றுவது அதனால்தான். பள்ளத்தில் நிற்கும் நீரில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். ஆரணி ஆசிரியைக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

சத்துவாச்சாரி: ஆத்தோரம் மனை வாங்கலாமா, விலை ஏறுமா?

விலை என் வேலை இல்லை. 1903 நவம்பர் வெள்ளத்தில் வாணியம்பாடியில் என்ன நடந்தது என்று படித்துவிட்டு, 2021இல் அந்த மனையில் நீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

காவேரிப்பாக்கத்துக்கு வடக்கே, விவசாயி: அண்ணா, பழைய பாலாறுன்னு பேசிக்கிட்டீங்க. எங்க கழனியில போன மாசம் கிணறு தூர் வாரி ஆழப்படுத்தினோம். 35 அடியில ஆத்து மணல் மாதிரியே வந்துச்சு, கூழாங்கல்லோட. இப்ப இருக்கிற ஆறு ரொம்ப தூரம். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டா என்று பார்ப்பதற்கு இதுதான் சரியான பொருள், தம்பி. பரணியைவிட இது எனக்கு முக்கியம். மேலே கொட்டின மண்குவியலை ஏரியில் கொட்டிவிடாதீர்கள். குவியலிலிருந்து எடுத்தால் எந்த ஆழத்து மண் என்று தெரியாது. கிணற்றுச் சுவரிலிருந்தே எடுக்க வேண்டும். தனியாக இறங்காதீர்கள். இறங்குமுன் விளக்கு இறக்கிக் காற்று பாருங்கள், மேலே இரண்டு பேர் நிற்கட்டும். மணல் தொடங்கும் ஆழம், முடியும் ஆழம் இரண்டையும் கிணற்று விளிம்பிலிருந்து டேப்பில் அளந்து எழுதுங்கள். அடுக்குக்கு ஒரு கிலோ, சுத்தமான பாலித்தீன் பையில். பைக்குள் ஆழம் எழுதின அட்டை ஒன்று, வெளியே ஒன்று. கூழாங்கல்லில் பத்துப் பதினைந்து தனியாக எடுத்துப் பாருங்கள். முனை மழுங்கி உருண்டையாக இருந்தால் ஆற்றில் தூரம் உருண்டு வந்தது. கூர்முனையாக இருந்தால் பக்கத்துப் பாறை சிதைந்தது, அதற்கும் பாலாற்றுக்கும் தொடர்பில்லை. மணல் அடுக்குக்கு மேலே கருப்புக் களிமண் இருந்தால் அதையும் ஒரு பை எடுத்து, கரித்துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கரி கிடைத்தால் கையால் தொடாமல், கத்தி நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். ஆறு அந்த இடத்தைவிட்டு எப்போது போனது என்று சொல்லக்கூடியது அந்தக் கரித்துண்டுதான்.